குளியலறைப் பொருத்தம்

கூர் என்றொரு ஊர்,
மலையேறும் ரயில்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம்.
நான்காம் மாடியில் ஃப்ளூரின் கதூஃப்,
மஞ்சள் தபால் பேருந்தின் ஓட்டுநர்,
பிப்ரவரிச் செவ்வாய் இன்னும் இருட்டாயிருக்கையில்
பாலெடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார்.
கதவுச் சத்தத்துக்கு எப்போதும் இரண்டு விசில் வரும்.
வரவில்லை.

ஜெனீவாவுக்குப் படிக்கப் போன மகள்
விட்டுப்போன கூண்டு அது.
தோலா ஒரு மூலையில் ஒருக்களித்துக் கிடந்தாள்,
காதுமடல் மட்டும் காகிதமாய் ஆறியிருந்தது.
நெரா அவள் விலாவை மூக்கால் தள்ளினாள்,
கொஞ்சம் தள்ளிப் படு என்பதுபோல.
உடனே எடுத்துவிடாதீர்கள், என்றார் மருத்துவர்,
அவளும் தெரிந்துகொள்ளட்டும்.
அன்றைய ஆறு நாற்பது வண்டியை
வேறொருவர் ஓட்டினார்.

நாம் சீமைப் பெருச்சாளி என்கிறோம்.
அவர்கள் மொழியில் கடல் பன்றிக்குட்டி.
எங்கிருந்தோ கப்பலேறி வந்தது என்பதை
இரண்டு மொழியும் மறக்கவில்லை.
பெருச்சாளியும் இல்லை பன்றியும் இல்லை என்பதைத்தான்
இரண்டும் மறந்துவிட்டன.

மூன்று நாள் நெரா வெள்ளரித் தோலைத் தொடவில்லை.
"தனியா வெச்சிருக்கக் கூடாதுப்பா,
நம்ம நாட்டுல அதுக்குச் சட்டமே இருக்கு"
என்றாள் செராய்னா.
பிறகு தொலைபேசியில்
இருவரும் சற்று நேரம் பேசவில்லை.
அவள் விடுதியில் யாரோ
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு எளிது. நெராவுக்கு ஆறு வயது.
சின்னது ஒன்று வாங்கினால்
இவள் போனபின் அது தனி.
அதற்கொரு துணை, அந்தத் துணைக்கொரு துணை,
அனுமார் வால்.
ஆகவே தூசிஸ் மேட்டில் ஹெட்விக் ச்சிர்க்கி
துணையை வாடகைக்குத் தருகிறாள்.
ஐம்பது பிராங்க் முன்பணம்.
முதலாவது இறந்ததும்
இரண்டாவதைத் திருப்பித் தருவேன்: கையொப்பம்.
"உங்களுடையது கோபக்காரியா?"
"விதவை" என்றார் ஃப்ளூரின்.
"அதைக் கேட்கவில்லை."

பத்துப் பொருத்தமெல்லாம் பார்க்கவில்லை,
கடிக்காமலிருந்தால் போதும்.
மாப்பிள்ளை பெயர் உர்ஸ், கரடி என்று பொருள்,
எடை எண்ணூறு கிராம், விரை நீக்கப்பட்டவன்.
யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் சந்திக்க வேண்டுமாம்.
வீட்டில் அப்படி இருந்தது குளியலறைத் தரை ஒன்றே.
புதுத் துவாலை, நடுவில் பார்ஸ்லிக் குவியல்,
தொட்டி விளிம்பில் ஃப்ளூரின்,
கைகளில் அடுப்பங்கரைக் கையுறை.
பற்கள் நறநறத்தன.
உர்ஸ் இடுப்பை ஆட்டி உறுமினான், பழைய டீசல் எஞ்சினாக.
நெரா திரும்பிக்கொண்டாள்,
திரும்பி, பின்னங்காலால்
ஒரு சிறுநீர்த் தாரை அவன் முகத்தில்.
இரண்டு மணிநேரம் இப்படி.
அவருக்கும் போக வேண்டியிருந்தது, அடக்கிக்கொண்டார்.
கடைசியில் ஒரு பார்ஸ்லித் தண்டு.
அவள் ஒரு முனை, அவன் மறுமுனை,
நடுவில் வந்ததும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை,
பறித்துக்கொண்டாள்.
அவர் கையுறையைக் கழற்றினார்.

காதலென்று சொல்ல முடியாது.
ஓர் உடல் நீளம் தள்ளியே படுத்தார்கள்.
ஏப்ரலில் அது அரை உடலானது.
குளிர்பெட்டி திறந்தால்
ஒரு விசில் மெல்லிசாக, ஒன்று கட்டையாக.

செப்டம்பரில் உர்ஸுக்கு மூச்சு இரைத்தது.
மூன்று வயதுதான்.
வாடகைக்கு வந்தவன் முந்திக்கொண்டான்.
ஹெட்விக் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லாமல்,
"படிவத்தில் இதற்கு இடமில்லையே" என்றாள்,
குற்றமாகச் சொல்லவில்லை,
யோசனையாக.
இம்முறை மருத்துவரைக் கேட்காமலே
ஒரு மணிநேரம் விட்டுவைத்தார்.
நெரா மூக்கால் தள்ளவில்லை.
அந்த அரை உடல் தூரத்தைத் தாண்டிப் போய்
ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை தபாலில் ஐம்பது பிராங்க் திரும்பி வந்தது.
உறை மூலையில் உலர்ந்த புல் கொஞ்சம் சிக்கியிருந்தது.
நெரா அதைத் தின்றாள்,
பிறகு உறையின் ஓரத்தை,
ஹெட்விக்கின் முகவரியில் பாதியை.
மிச்சத்தில் எழுதியிருந்தது:
சனிக்கிழமை வருகிறேன், இரண்டு கூடைகளோடு.
இந்தத் தடவை அவளே பார்த்துச் சொல்லட்டும்.

வெள்ளி இரவு ஃப்ளூரின்
குளியலறைத் தரையைத் தேய்த்துக் கழுவினார்,
வாசனையில்லாத சோப்பால்,
மூலைகளையும் விடாமல்.